சித்தப்பா குடித்த காபி

எல்லையில் சண்டை ஓய்ந்த வருடம், இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டு சித்தப்பா வீடு வந்து சேர்ந்தார். ஆந்திராவில், சித்தூர் ஜில்லா குடிபாலாவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் காலனியில் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் மிலிட்டரிக்குப் போயிருந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாந்தோப்பு வைத்திருந்த பெரிய தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் சென்னையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போனார்கள். எல்லையும் அமெரிக்காவும் ஒரே தூரம் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது எனக்கு.

பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். தலைமை, அம்மா வேலை செய்த தோப்பின் முதலாளி. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய மகன் சித்தப்பாவோடு பத்தாவது வரை படித்தவன். அவனையும் மேடையில் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். முதலாளி மைக்கில், நம் ஊர்ப் பிள்ளை, நம் ஊர் ரத்தம் என்று தெலுங்கில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொன்னார். அதுவரை எங்களை யாரும் ஊரோடு சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. கை வலிக்கத் தட்டினேன்.

பிறகு காபி வந்தது. மேடையில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். சித்தப்பாவுக்கு மட்டும் வெள்ளை வெளேரென்று புது பிளாஸ்டிக் கப்.

“சித்தப்பாக்கு மட்டும் புது கப்பு, பாரும்மா” என்றேன்.

“பேசாத குந்து” என்றாள் அம்மா. அவள் மேடையைப் பார்க்கவில்லை.

சித்தப்பா கப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைக் கூடப் படித்தவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அவன் முன்னால் இருந்த டம்ளரை எடுத்து, வாய் வைத்து நிதானமாகக் குடித்து முடித்தார். மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர்களே மாலை போட்ட ஆளை யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் முதல் அம்மாவைத் தோப்பு வேலைக்குக் கூப்பிடவில்லை. மாம்பழக்கூழ் கம்பெனியில் சித்தப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே சித்தப்பா, இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்துவிட்டுச் சும்மா இருந்த சின்ன சித்தப்பாவை மிலிட்டரி செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகச் சொன்னார். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“உன் காலு போனது பத்தலியா? இவனையும் அனுப்பணுமா?”

“இங்க இருந்தா மட்டும் இன்னா மிஞ்சப் போவுது, அண்ணா?” என்றார் சித்தப்பா.



காலையில் நானும் அவர்களோடு வேலூர் ரோட்டுக்குப் போவேன். ஒருநாள் சின்ன சித்தப்பா ஓடிக்கொண்டிருந்தபோது முதலாளி வீட்டுக் கார், மேலே பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, மகனைச் சென்னை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போனது. எங்களைத் தாண்டும்போது அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். சித்தப்பா கட்டையை ஊன்றி நின்று, “இன்னும் வேகமா ஓடுடா” என்று கத்தினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. காருக்கும் சின்ன சித்தப்பாவுக்கும் பந்தயம் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். கார் மறைந்த பிறகும், சின்ன சித்தப்பா அதைப் பிடித்துவிடுவார் என்று வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.