சிவப்புக்கு ஒரு வெட்டு

போன மாதம் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையோரம் ஒரு பெண் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்து செல்போனைத் தடவினாள். மண்டபமே நிறம் மாறியது. எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் தட்டுவதைப் பார்த்து நானும் தட்டினேன். அத்தோடு விட்டேனா? எழுந்து போய், ஒரு விளக்கின் மேல் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அந்தப் பெண் என்னை எப்படிப் பார்த்தாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் விளக்குப் போட்ட காலத்தில் நிறத்துக்கு வாசனை உண்டு. பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த பெட்டிக்குள் பெரிய பல்பு, அதன் முன்னால் மரச்சட்டத்தில் செருகிய கலர் ஜெலட்டின் தாள். பல்பு சூடேறினால் தாள் லேசாகக் கருகி ஒரு வாடை வரும். எங்கள் கடையில் அதோடு ஏலக்காய் மணமும் சேர்ந்துகொள்ளும். பாலக்காட்டு வலியங்காடியில் இருந்த ராவுத்தரின் வாடகை விளக்குக் கடையைத்தான் சொல்கிறேன். கிடங்கின் பாதியில் எங்கள் விளக்குகள். மீதிப் பாதியில் அவருடைய அண்ணன் உடும்பஞ்சோலையிலிருந்து இறக்கும் ஏலக்காய் மூட்டைகள். ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குக் காடு தோட்டம் இருந்தது. அண்ணனோடு சண்டை போட்டு, இனி இந்த ஊட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

சண்டைக்குக் காரணம் மிளகாய். பழத்தை மட்டும் பறி என்றால் நான் காயையும் சேர்த்துப் பறித்துவிடுவேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். இன்றைக்கும் அப்படித்தான். அப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, இருக்கிற வேலையெல்லாம் விட்டுவிட்டு நிறம் போடுகிற வேலைக்கே போய்ச் சேர்ந்தேன் பாருங்கள், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்ல!

ஆனால் அந்த வேலை எனக்கு உயிராகிவிட்டது. அதற்கு வெள்ளிக்கிழமைகள்தான் காரணம். ராவுத்தரும் வயரிங் பார்க்கிற காதரும் ஜும்மா முடிந்து வந்ததும் கடைக்கதவைச் சாத்துவார்கள். ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டால் நடுப்பகலிலேயே கிடங்கு கும்மிருட்டாகிவிடும். பிறகு சாயங்காலம்வரை மூன்று பேரும் வெளிச்சத்தோடு விளையாடுவோம். ராவுத்தருக்கு எங்களைவிட ஆறேழு வயதுதான் கூடுதல். அவருக்கும் முன்கூட்டி ஒன்றும் தெரியாது. வீட்டிலிருந்து சேலை கொண்டுவருவார், வாழைப்பழம் கொண்டுவருவார், ஒருநாள் கோழியையே கொண்டுவந்தார். "போட்டுப் பாக்கலாம், என்ன ஆவுதுன்னு" என்பதுதான் அவருடைய பாடத்திட்டம் முழுவதும்.

உப்புத்தண்ணீர் நிரப்பிய ஊறுகாய் ஜாடிக்குள் தகட்டை இறக்கினால் விளக்கு மெல்லப் பிரகாசமாகும், தூக்கினால் மங்கும். அதையும் அங்கேதான் பழகினோம். மூன்று விளக்குகளில் சிவப்பு, பச்சை, நீலம் போட்டு ஒரே சுவரில் சேர்த்தடித்த நாளை மறக்கவே முடியாது. "மூணையும் கலந்தா சேறாட்டம்தானுங்களே வரும்?" என்றேன். சுவர் வெள்ளையாகிவிட்டது! காதர் ஓடிப்போய்ச் சுவரைத் தடவினான். ராவுத்தர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளை எனக்கும் தெரியுமே.

மற்றபடி, தாள்கள் வழக்கமான வரிசையில் இருந்தால் இடத்தை வைத்து எடுத்துவிடுவேன். வரிசை கலைந்தால் காதர் கை வைக்கும்வரை சும்மா நிற்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடும்பஞ்சோலைப் பக்கம் சாந்தன்பாறையில் அது சந்தி சிரித்தது. எஸ்டேட் தொழிலாளர் நாடகம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள், கதவு ஜன்னலைச் சாத்தி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இருட்டினால் பாதையில் ஆனை இறங்கும் என்பதால் அங்கே பகலில்தான் நாடகம். காதருக்கு வேறு ஊரில் வேலை இருந்ததால் நான் தனியாகப் போனேன். ஜீப் குலுங்கியதில் பெட்டிக்குள் தாள்கள் கலைந்துவிட்டன. கல்யாணக் காட்சி. மணப்பெண் சிவப்புச் சேலையில் வர, சிவப்பு என்று நினைத்துப் பச்சைத் தாளைப் போட்டேன். எனக்குச் சேலை சற்று மங்கலாகத் தெரிந்தது. கரண்ட் போதவில்லை போலிருக்கிறது என்று தகட்டை நன்றாக இறக்கி இன்னும் பிரகாசமாக்கினேன்.

"எலே லைட்டுக்காரா! தாலி கெட்டுத நேரத்துல பொண்ணுக்குக் கறுப்புச் சேலையா உடுத்துத?" என்று கங்காணி எழுந்து நின்று கத்தினார். பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். பச்சை வெளிச்சத்தில் சிவப்புத் துணி கறுத்துப்போகும். வெள்ளிக்கிழமைகளில் நாங்களே கண்டுபிடித்த சங்கதிதான்.

ஏலக்காய் மூட்டையோடு அந்தச் செய்தியும் எனக்கு முன்னால் கடைக்கு வந்துவிட்டது. "தாளு மாறிப்போச்சுங்க மொதலாளி" என்றேன். ராவுத்தர் திட்டவில்லை. "நெறம் தெரியாதவன வெளக்குக் கடையில வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? வெள்ளிக்கெழமை தாளெல்லாம் கலச்சுப் போட்டு எடுக்கச் சொல்றேன், பாக்கலாம்" என்றார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் அண்ணன் வீட்டு வாசலில் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

வியாழக்கிழமை காதர் ஜெலட்டின் தாள்களையெல்லாம் பரப்பிக் கத்திரியால் ஓரத்தில் வெட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்:

"மாப்ள, செகப்புக்கு ஒரு வெட்டு, பச்சைக்கு ரெண்டு. ஞாவகம் வெச்சுக்க."

"எதுக்குடா?"

"மேடையோரத்து இருட்டுல எனக்குக் கண்ணு தெரியல. தடவிப் பாத்து எடுக்கத்தான்."

மறுநாள் ராவுத்தர் தாள்களைக் கலைத்துப் போட்டுவிட்டு "செகப்பு" என்றார். என் விரல் ஓரத்தைத் தடவியது. ஒரு வெட்டு. எடுத்துக் கொடுத்தேன். "பச்சை." இரண்டு வெட்டு. இருபது தடவையாவது கேட்டிருப்பார், ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் அவரே தாளின் ஓரத்தைப் பார்த்துவிட்டார்.

"இது யாரு வெட்டுனது?"

"நாந்தான் மொதலாளி. எனக்கு இருட்டுல தெரிய மாட்டேங்குது" என்றான் காதர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ராவுத்தர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாரமில்ல, போகட்டும். நல்ல ரோசனைதான்" என்று சொல்லிவிட்டு, கத்திரியை எடுத்து மஞ்சளுக்கு மூன்று வெட்டுப் போட ஆரம்பித்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பின் பதினெட்டு வருஷம் அங்கேயே விளக்குப் போட்டேன். பீர்மேடுவரை போய் வந்தேன். ஒரு கல்யாணச் சேலைகூட அப்புறம் கறுக்கவில்லை.

ராவுத்தர் போய்ச் சேர்ந்தார். கடை இருந்த இடத்தில் இப்போது செருப்பு விற்கிறார்கள். காதரும் நானும் கிழவர்களாகி, ஊர்க்கதை, பேரன் கதை என்று எல்லாம் பேசினோம். அந்த வெட்டுகளைப் பற்றி மட்டும் பேசவேயில்லை. நன்றி சொன்னால் அவன் காட்டிய மரியாதை கெட்டுவிடும் என்று எனக்கு ஒரு பயம்.

காதர் மவுத்தான அன்று, அடக்கம் முடிந்ததும் அவன் மகன் என்னிடம் வந்து உட்கார்ந்தான். "அத்தாவுக்குச் சின்ன வயசுலருந்தே இருட்டுல பார்வ பத்தாதாமே மாமா. அதனால தாளுல வெட்டுப் போட்டுத்தான் வேல பாத்தேன்னு சொல்லுவாங்க" என்றான்.

பெற்ற பிள்ளையிடம்கூட அவன் மாற்றிச் சொல்லவில்லை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"இல்லீங்க தம்பி" என்றேன். "அவனுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது. தெரியாதது எனக்குங்க."