மர்லியா ராத்தாவின் வங்காளச் சோறு

கொட்டாஞ்சேனையில் அந்த நாளில் என்னைப் போன்றவர்கள் மலிவாகச் சாப்பிட வேண்டுமென்றால் மர்லியா ராத்தாவின் வீட்டு முன்னறைக்குத்தான் போக வேண்டும். முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள்; எங்கள் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். பெயர்ப்பலகை கிடையாது. கடுகெண்ணெய் காயும் மணம் சந்து முனையிலேயே மூக்கைப் பிடிக்கும். துறைமுகத்தில் பகல் முழுக்க மூட்டைகளுக்குக் கணக்கெழுதிக்கொண்டு நின்று களைத்துப்போகும் எனக்கு அந்த மணம் பிடித்ததென்று பொய் சொல்ல மாட்டேன். பசிக்கு எந்த எண்ணெயும் நல்லெண்ணெய்தான்.

கப்பல்களில் கரி தள்ளும் வங்காளிகளுக்காக ராத்தாவின் புருசன் மபீஸ் மியா தொடங்கிய கடை அது. கப்பலில் சமையற்காரனாக இருந்தவன், கொழும்பில் இறங்கி, தெமட்டகொடைப் பெண்ணான மர்லியாவைக் கலியாணம் முடித்து, தன் ஊர்ச் சமையலை அவருக்குப் பழக்கினான். அந்த மனுசனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. காரணம் பிறகு தெரியும்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போடுவதற்குச் சற்று முன்னால், மபீஸ் மியா "ஒரே ஒரு பயணம்" என்று சொல்லி ஒரு கப்பலில் ஏறிப்போனான். அந்தக் கப்பல் வங்காளக் கடலில் மூழ்கியதாகக் கதை வந்தது. சிலர் தப்பிக் கரையேறியதாகவும் வந்தது. அவன் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. சண்டையும் முடிந்துவிட்டது. ராத்தா மட்டும் அதே அடுப்படியில் நின்றார்.

கால்கள் இரண்டும் வீங்கியிருக்கும். விடியுமுன் அம்மியில் கடுகு அரைக்கத் தொடங்கினால், கடைசித் தட்டைக் கழுவி வைக்கும்வரை உட்கார நேரமில்லை. அரிசி கூப்பனில் வந்த காலம். கப்பல்காரர்கள் தங்கள் பங்கு அரிசியைப் பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுக்க, அதையும் சேர்த்து வடிப்பார். "கொஞ்ச நாளைக்கு மூடிவிட்டுப் படுங்களேன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"எப்படித் தம்பி மூடுற? அவர் வந்து கதவு பூட்டியிருந்தா என்ன நெனப்பார்?" என்றார். "மௌத்தெண்டு தெரிஞ்சா இத்தா இருப்பேன். உசிரோட ஈக்கிறாரெண்டு தெரிஞ்சா பாத்துக்கொண்டு ஈப்பேன். ரெண்டும் தெரியாம நான் என்னத்தச் செய்ய?"

புருசன் இறந்தால் முஸ்லிம் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பார்கள். பிற ஆண்கள் முன் வரமாட்டார்கள். அதுதான் இத்தா. ராத்தா அதைச் சொன்ன விதத்தில் துக்கத்தைவிட ஆசைதான் அதிகம் தெரிந்தது. உடம்பு அவ்வளவு சலித்துப்போயிருந்தது.

அங்கே சாப்பிடுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கசப்பு, பிறகு பருப்பு, பிறகு மீன், கடைசியில் புளிப்பு. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சோற்றில் குழைத்து அடிக்கும் எனக்கு இது பெரிய வில்லங்கம். "கிளாக்கர் தம்பி, மொதல்ல பாவக்காயைத் தின்னுங்கொ. கசப்பு முடிஞ்சாத்தான் மத்தது வரும்" என்பார். மீன் தலை போட்ட பருப்பு வரும்வரை நான் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பருப்பில் மட்டும் ராத்தா தன் கைவரிசையாக மணத்துக்கு ஒரு துண்டு ரம்பை இலை போடுவார். வங்காளத்தில் ரம்பையைச் சமையலில் சேர்க்க மாட்டார்களாம். மபீஸ் மியா தொடக்கத்தில் சண்டை பிடித்து, பிறகு ரம்பை இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவைக்கும் நிலைக்கு வந்தானாம். கொல்லையில் கிணற்றடியில் ஒரு ரம்பைப் புதர் நின்றது. அவன் கப்பலேறிய அன்று அதில் வேர்விட்ட கன்று ஒன்று காணாமல் போனது. பக்கத்து வீட்டுப் பீபியின் ஆடுதான் தின்றதென்று ராத்தா அன்றிலிருந்து அந்த ஆட்டை ஏசாத நாளில்லை. வாயில்லாச் சீவன், மறுத்துப் பேசவா போகிறது?

ஒரு மத்தியானம் கூட்டம் கலைந்தபிறகு சிராஜ் என்ற வங்காளி வந்து என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தான். கொழும்புக்கு வந்து வந்து அரைகுறைத் தமிழ் பழகியவன். கடைக்குப் புதிதாக வரும் எல்லோரிடமும் கேட்பதுபோல அவனிடமும் ராத்தா கேட்டார்: "மபீஸ் மியாவெண்டு ஒத்தரை எங்கயாச்சும் கண்டீங்களா?" அவன் பெயர் தெரியாதென்று தலையசைத்துவிட்டுக் கசப்பை முடித்தான். பருப்பை வாயில் வைத்ததும் கை நின்றது.

"இந்த மணம்... இந்த இலை. கல்கத்தாவில, கிதர்பூர்ல ஒரு கடையில சாப்பிட்டேன். வேற எங்கேயும் இல்ல."

"அங்க ரம்பை ஏது?" என்றார் ராத்தா.

"கடை வாசல்ல தகரத்தில நட்டிருக்கு. கொழும்பில இருந்து கொண்டுவந்தது எண்டு கடைக்காரர் சொல்வார். ஒரு பக்கம் காது கிழிஞ்ச ஆள். பெண்சாதி சமைக்கிறா. சின்னப் பிள்ளை ஒண்டும் இருக்கு."

மபீஸ் மியாவின் இடது காது கிழிந்திருக்கும். நானே பார்த்திருக்கிறேன். ஒரு பயணம் போய்த் திரும்புகிறவன் எதற்குச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போகிறான்? கப்பல் மூழ்குவதற்கு முன்பே இந்த வீட்டை அவன் தலைமுழுகிவிட்டான். பாவி.

ராத்தா அழவில்லை. அவனுக்கு மீனை வைத்தார். எனக்கும் வைத்தார். கடைசியில் புளிப்பையும் ஒழுங்கு தவறாமல் கொண்டுவந்து வைத்தார்.

"பாவம், பீபிட ஆட்டைச் சும்மா ஏசிட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். எனக்குத்தான் கண் கலங்கியது.

நாங்கள் கை கழுவி எழும்பியபோது வாசலில் மறித்தார். "சிராஜ், நீங்க அவரைக் காணல்ல. தம்பி, நீங்க ஒண்டும் கேக்கல்ல." சிராஜ் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவனும் ஆட்டினான்.

மறுநாள் கடை பூட்டியிருந்தது. கப்பலோடு போன மபீஸ் மியா மௌத்தென்று உறுதியான சேதி வந்துவிட்டதாகச் சந்து முழுக்கக் கதை. பள்ளிவாசலில் அவன் பெயருக்குத் தொழுகை நடந்தது. ராத்தா வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்துவிட்டார். அண்டைவீட்டுப் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுபோனார்கள். பீபி தினமும் ஆட்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தாளாம். நான் வேறு கடையில் காய்ந்த பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, உயிரோடிருப்பவனுக்காக ஒருத்தி இத்தா இருப்பது பாவமா புண்ணியமா என்று யோசித்துக் கிடந்தேன்.

இத்தா முடிந்து கடை திறந்த அன்று முதல் ஆளாகப் போனேன். ராத்தாவின் கால் வீக்கம் வற்றியிருந்தது. முகத்திலும் கொஞ்சம் தசை பிடித்திருந்தது. பாகற்காயைக் காணோம். சோறு, பருப்பு, மீன், புளிப்பு எல்லாம் ஒரே தட்டில் வந்தன. பருப்பில் ரம்பை மணத்தது.

மனம் கேட்கவில்லை. "ராத்தா, அந்த மனுசன் ஒருநாள் திரும்பி வந்து நின்றால்...?" என்றேன்.

"மௌத்தாப்போனவங்க வரமாட்டாங்க தம்பி" என்றார். சோற்றை இன்னொரு கரண்டி வைத்தார். "கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து அந்த மனுசன்ட பேரால நான் படுத்துத் தூங்கினது அந்த நாலு மாசம் பத்து நாள் மட்டும்தான். அதையும் கெடுக்காதீங்கொ. தின்னுங்கொ, ஆறுது."