பதில் சொன்ன பெட்டி

எழுபதுகளின் பிற்பகுதியில் மலேசியாவில், ஈப்போ நகரத்துப் போலீஸ் ரேடியோ அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். போலீஸ் உடுப்பு போடுகிற வேலை இல்லை, சிவிலியன் ஊழியர்தான். காதில் ஹெட்போன், முன்னால் ஒரு மைக், பக்கத்தில் ஒரு தடித்த நோட்டு. ரோந்து வண்டிகளை அரைமணிக்கு ஒரு தரம் கூப்பிட்டு, எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். யாராவது ஒரு காரின் எண்ணைச் சொல்லி, திருட்டுக் காரா என்று கேட்டால் பட்டியலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சுலபமான வேலை.

முதல் வாரத்திலேயே ஒரு வண்டி ஏழு நிமிடம் பதில் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கல் மலைக்குப் பின்னால் போயிருந்தது, அங்கே ரேடியோ எட்டாது என்று பிறகு சொன்னார்கள். அந்த ஏழு நிமிடமும் மைக்கில் அந்த வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் காலத்தில் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் போலீஸ்காரரைச் சுட்டார்கள் என்பது எங்கோ நடக்கிற செய்தி அல்ல. வண்டியில் போகிறவர்களின் மனைவிமார் சிலரை எனக்குத் தெரியும், சந்தையில் பார்த்தால் சிரிப்பார்கள். பதில் வராத ஒவ்வொரு நிமிடமும் அந்த முகங்கள் வரும்.

ஏழெட்டு வருடத்தில் பயம் குறையவில்லை, ஆனால் அதற்கு ஒரு பிடி கிடைத்தது. குரல்தான் அந்தப் பிடி. யாருக்குச் சளி, யார் கடையில் உட்கார்ந்து தே தாரே டீ குடித்துக்கொண்டு ரோட்டில் இருப்பதாகச் சொல்கிறார், யார் பக்கத்தில் ஆள் இருப்பதால் மெதுவாகப் பேசுகிறார், எல்லாம் எனக்குத் தெரியும். ஏழாம் வண்டியின் கோப்பரல் அண்ணன் எப்போதும் ஒரு முறை செருமிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், என்னைப் போலவே. அவர் செருமினால் எனக்குப் பாதி பதில் வந்த மாதிரி.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், வண்டிகளில் திரை வைக்கப் போகிறோம் என்று சொன்னார்கள். பேசுவதற்குப் பதிலாக எழுத்தில் செய்தி போகும், எழுத்தில் வரும். ரேடியோவைத் திருடர்களும் வைத்துக் கேட்கிறார்கள், கார் எண்ணை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் கார் போய்விடுகிறது என்பது காரணம். அதில் பொய் இல்லை. இரண்டு கம்பெனிகள் இரண்டு விதப் பெட்டிகளைக் கொண்டுவந்தன. ஒன்று சாம்பல் நிறம், ஒன்று கறுப்பு. மூன்று வண்டியில் அது, மூன்று வண்டியில் இது. மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எதை வாங்குவது என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. அதற்குப் பொறுப்பு ஒரு மலாய் அதிகாரி, துவான் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ரேடியோ அறையிலிருந்து நான் வாரத்துக்கு ஒரு பாரம், அதாவது படிவம், எழுதிக் கொடுக்க வேண்டும். எது நன்றாக இருக்கிறது, எது தொல்லை, ஏன் என்று.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னது. நான் செய்தி அனுப்பியதும் சாம்பல் பெட்டி என் திரையில் உடனே ‘தெரிமா’ என்று காட்டும். மலாயில் கிடைத்தது என்று அர்த்தம். கறுப்புப் பெட்டி அப்படிச் செய்யாது. வண்டியில் இருக்கிறவர் செய்தியைப் படித்துவிட்டு ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் என் திரையில் அந்த வரி மின்னிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் ஆனால் கீச்சென்று மணி அடிக்கும், நிறுத்தவும் முடியாது.

யாருக்குமே கறுப்பைப் பிடிக்கவில்லை. வண்டிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். “என்னா அக்கா, காரை மடக்கிப் புடிக்கிறதா, பட்டனை அமுக்கிறதா?” என்று ஒருவர் கேட்டார். எனக்கும் அந்த மணி நரம்பில் ஊசி ஏற்றுவது போல இருந்தது. சாம்பல் பெட்டியோ அமைதி. அனுப்பினால் தெரிமா. கால்மணிக்கு ஒரு தரம் ‘நலமா’ என்று கேட்க வேண்டும் என்பது பரிசோதனையின் விதி. கேட்பேன், தெரிமா. வண்டியில் இருக்கிறவரே பதில் சொல்கிறார் என்பது போல மனம் பழகிவிட்டது. ஐந்தாவது வாரத்துப் பாரத்தில் நான் என் கையால் எழுதினேன்: சாம்பல் நிறப் பெட்டி மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது.

அந்த வரியை எழுதிய இரண்டாவது வாரம். மழை மாதம், மத்தியானமே வெளிச்சம் மங்கிவிட்டது. சிம்மோர் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். மரமெல்லாம் வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டுவிட்டார்கள், ஜனங்கள் ஈப்போவுக்கும் மற்ற ஊருக்கும் போய்விட்டார்கள், அவர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்கள் காலி. அங்கே கூரைத் தகரத்தை யாரோ பிரித்து ஏற்றுகிறார்கள் என்று புகார் வந்தது. ஏழாம் வண்டி போனது. கோப்பரல் அண்ணனும் ஒரு மலாய்க்கார டிரைவரும். வண்டியில் இருந்தது சாம்பல் பெட்டி.

இரண்டு மணி வாக்கில் ‘வந்துவிட்டோம்’ என்று எழுத்து வந்தது. அப்புறம் ‘ஆள் யாரும் இல்லை, திரும்புகிறோம்.’ கால்மணி கழித்து நலமா என்று கேட்டேன். தெரிமா. மறுபடி கால்மணி. தெரிமா. திரும்புகிறோம் என்றவர்கள் பெரிய ரோட்டுக்கு வந்ததும் ஒரு வரி போட வேண்டும். போடவில்லை. மழை பலமாக இருக்கும், எங்கேயாவது ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது முறை கேட்டபோது நான் விரலை எடுப்பதற்குள் தெரிமா வந்தது. கோப்பரல் அண்ணன் எதையும் அவ்வளவு வேகமாகச் செய்கிறவர் இல்லை.

அறைப் பொறுப்பில் ஒரு சார்ஜன் இருந்தார், நம் தமிழ் ஆள். அவரிடம் சொன்னேன்.

“சார்ஜன், ஏழாம் வண்டி ஒண்ணும் எழுதல. ரேடியோல கூப்பிட்டுப் பாக்கட்டுமா?”

“தெரிமா வருதா?”

“வருது.”

“அப்புறம் என்னா? டெஸ்ட் வண்டியை வாயில கூப்பிடக் கூடாதுன்னு துவான் எழுதியே குடுத்திருக்காரு. அவசரம்னாதான். இது அவசரமா?”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு கால்மணி. அந்தக் கால்மணியை இன்றைக்கும் என்னால் யார் தலையிலும் தள்ளிவிட முடியவில்லை. மைக் என் கைக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. தெரிமா என்று பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்போம் என்று ‘வண்டியில் எத்தனை பேர்?’ என்று அடித்தேன்.

தெரிமா.

‘கோப்பரல், எண்ணிக்கை எழுதுங்கள்.’

தெரிமா.

கடைசியில் வாய்க்கு வந்ததல்ல, விரலுக்கு வந்ததை அடித்தேன். எந்த பாஷையிலும் சேராத ஏழெட்டு எழுத்து. அனுப்பினேன். அதற்கும், அதே வேகத்தில், தெரிமா.

இவ்வளவு நேரமும் நான் இரண்டு மனிதர்களோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒரு பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, உயிரோடு இருக்கிறார்களா, எதுவும் எனக்குத் தெரியாது.

சார்ஜனைக் கேட்காமல் மைக்கை எடுத்தேன். ஏழாம் வண்டி, ஏழாம் வண்டி. இரைச்சல்தான் வந்தது. சார்ஜன் எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார், அந்த அர்த்தமில்லாத எழுத்துக்கும் அதற்குக் கீழே இருந்த பதிலுக்கும் மாறி மாறிப் பார்த்தார். “பக்கத்துல எந்த வண்டி இருக்கு, அனுப்பு” என்றார். குரல் கீழே போயிருந்தது.

அவர்களைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஏழாம் வண்டி கிடைத்ததா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், இன்னும் இல்லை என்று தேடிப்போன வண்டி சொல்லிக்கொண்டே இருந்தது. தோட்டத்து மரப்பாலம் ஒன்றில் சக்கரம் வழுக்கி, வண்டி பாரிட்டில் சரிந்து கிடந்தது. பாரிட் என்றால் தோட்டத்துப் பெரிய கால்வாய், வெயில் காலத்தில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடும். அன்றைக்கு மலைத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முன்பக்கம் கரையில் தூக்கி நிற்க, இடது பக்கம் தண்ணீருக்குள். டிரைவர் நினைவு தப்பி, கோப்பரல் அண்ணன் மேல் சாய்ந்திருந்தார். அண்ணனின் இடது கை கதவுக்கும் கரைக்கும் நடுவில் சிக்கியிருந்தது. வலது தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. போனவர்கள் பார்த்தபோது தண்ணீர் அவர் நெஞ்சில் இருந்ததாம்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். அது தெரிந்தபோது நான் அழவில்லை. குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகப் பயமாக இருந்தது, போகாமல் இருக்கவும் பயமாக இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்தேன். அண்ணியார் எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

“கோவமா அண்ணே?”

“கோவம் என்னாத்துக்கு.” அவர் ஒரு தரம் செருமினார், வலியில் முகம் சுளித்தது. “திரை என் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு, தங்கச்சி. நீ எழுதுனது எல்லாம் படிச்சேன். கை ரெண்டும் வரல. நீ நலமான்னு கேப்ப, அது கீக்குனு சத்தம் போட்டுட்டு தெரிமான்னு காட்டும். நான் கத்துவேன். யாருக்குக் கேக்கும்? தெரிமான்னு வந்தாச்சுன்னா இன்னும் கால்மணிக்கு யாரும் வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். தண்ணி அப்ப இடுப்புல.”

நான் பழப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்புறம் என்னமோ கண்டபடி எழுத்து வந்துச்சு. அத பாத்துட்டுத்தான் நினைச்சேன், சரி, இவளுக்குப் பிடிபட்டுருச்சுன்னு. கூப்பிட்டியே, அதுவும் கேட்டுச்சு. மைக்கு தண்ணிக்குள்ள கெடந்துச்சு, பதில் சொல்ல முடியல.”

அடுத்த வாரமே, மூன்று மாதம் முடிவதற்கு முன்பே, கூட்டம் போட்டார்கள். எந்தப் பெட்டியை வாங்குவது என்ற கூட்டம்தான், ஆனால் என் நோட்டையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் சார்ஜன் என்னை நிறுத்தினார்.

“தங்கச்சி, உன் பாரத்துல நீயே நல்லா இருக்குன்னு எழுதியிருக்க. கேட்டா மட்டும் பேசு. ஒரு மணி நேரம் என்னா பண்ணுனன்னு திருப்பிக் கேட்டா என்னா சொல்லுவ? என்னையும் சேத்து இழுக்காத.”

அவரும் பயந்துபோயிருந்தார். எனக்கு இரண்டு பிள்ளைகள், கணவருக்கு ஈயச் சுரங்கத்தில் வேலை போய் ஆறு மாதம். என் வேலையும் போனால் என்ன என்பதை யோசிக்காமல் நான் அந்த அறைக்குள் நுழையவில்லை.

சாம்பல் பெட்டிக் கம்பெனியின் ஆள் மரியாதையாகத்தான் பேசினார். பெட்டி பழுதாகவில்லை என்றார். கிடைத்தது என்றால் பெட்டிக்குக் கிடைத்தது என்று அர்த்தம், மனிதருக்குக் கிடைத்தது என்று நாங்கள் சொல்லவே இல்லை, புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இருந்தது. அதை யாரும் படித்திருக்கவில்லை, நானும்தான்.

துவான் என்னைப் பார்த்தார். அவர் அதிகம் பேசாதவர். என் ஐந்தாவது வாரப் பாரம் அவர் கையில் இருந்தது.

“நிம்மதியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்” என்றார் மலாயில்.

“ஆமாம் துவான். அதுதான் பயம். அந்தப் பெட்டி எனக்கு நிம்மதி கொடுத்தது. ஒரு மணி நேரம் இரண்டு பேர் தண்ணீரில் இருந்தார்கள், நான் நிம்மதியாக இருந்தேன். நடுவில் சந்தேகம் வந்தும் நான் கூப்பிடவில்லை. கறுப்புப் பெட்டியாக இருந்தால் இரண்டாவது நிமிடம் மணி அடித்திருக்கும்.”

“மணி தொல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.”

“தொல்லைதான் துவான்.”

சார்ஜன் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே எழுந்து, நான்தான் கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன் என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

கறுப்புப் பெட்டியைத்தான் எடுத்தார்கள். கூடவே, திரை இருந்தாலும் அரைமணிக்கு ஒரு தரம் வாயால் கூப்பிட வேண்டும் என்று ஓர் உத்தரவும் வந்தது. யாருடைய வேலையும் போகவில்லை. கோப்பரல் அண்ணனுக்கு இடது கையில் இரண்டு விரல் கடைசிவரை மடங்கவில்லை, அவரை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். டிரைவர் நொண்டிக்கொண்டே ஒரு வருடம் கழித்து வண்டிக்குத் திரும்பினார்.

பெட்டிகள் வந்த பிறகு எனக்கு நல்லபடியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. செய்தியை அனுப்பிவிட்டு, மின்னுகிற வரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் பத்து நொடியில் அமுக்கிவிடுவார்கள். அந்தப் பத்து நொடியில் எனக்கு ஒரு பாரிட்டும் கலங்கிய தண்ணீரும் தெரியும். அமுக்கிய பிறகும் இது அவர் விரல்தானா என்று நினைப்பு ஓடும். வீட்டில் டெலிபோன் அடித்தால் எடுக்கப் பிள்ளைகளை அனுப்புவேன். இரண்டு வருடம் அப்படி ஓட்டினேன். பிறகு மாற்றல் கேட்டு எழுதினேன், லைசென்ஸ் கவுண்டரில் போட்டார்கள். அங்கே நாள் முழுக்க ஜனங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் திட்டினார்கள். ஆனால் பதில் சொல்கிறவர்களை என்னால் கண்ணால் பார்க்க முடிந்தது.