இரண்டு வீட்டுக்கு ஓர் அலுமாரி

கல்யாணமாகி மாத்தளை டவுனுக்கு வந்த அன்று, என் கணவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மத்த அறை எங்கங்க?" என்று கேட்டேன்.

"இதுதான் மத்த அறையும்" என்றார்.

நீளமான ஒரு பழைய வீட்டை நடுவில் பலகைச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். எங்கள் பாதியில் ஓர் அறை, அதன் பின்னால் ஓர் அடுப்படி, அவ்வளவுதான். முன்னால் இருந்த விறாந்தையும் பின்னால் இருந்த கிணறும் இரண்டு பாதிக்கும் பொது. இது அறுபதுகளில். என் கணவர் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். கந்தோரில் அவருக்கு மூன்று அலுமாரி இருந்தது. வீட்டில் ஒன்றுகூட இல்லை.

என் அம்மா வீட்டில் கொடுத்தனுப்பிய பித்தளைப் பாத்திரங்களையும் ட்ரங்குப் பெட்டிகளையும் எங்கே வைப்பது? கட்டிலின் நான்கு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தி, பெட்டிகளைக் கீழே தள்ளினேன். கட்டில் அவ்வளவு உயரமாகிவிட்டது. என் கணவர் தினமும் ஒரு பெட்டியில் கால் வைத்துத்தான் ஏறிப் படுத்தார். பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடக்கினேன். சின்னச் செம்பு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வெங்காயத்துக்கு மட்டும் இடமே கிடைக்கவில்லை. கூரை வளையில் தொங்கிய குடையைப் பார்த்தேன். காற்றோட்டமான இடம். பாதி விரித்த குடைக்குள் இரண்டு றாத்தல் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்தேன்.

மறுநாள் காலையில் மழை. அவசரத்தில் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி விரித்தார் அவர். தெருவில் போன பள்ளிப் பிள்ளைகள் வெங்காயம் பொறுக்க உதவி செய்தார்கள்.

"வீட்ல ஒரு சாமானத் தொடப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே கந்தோருக்குப் போனார்.

அதன் பிறகுதான் பலகைச் சுவரில் ஆணி அடித்துச் சாமான்களைத் தொங்கவிடத் தீர்மானித்தேன். முதல் ஆணியை ஓங்கி அடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"யாரு, தங்கச்சியா ஆணி அடிக்கிறது?"

அடுத்த பாதியில் இருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண் அவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் ராத்தா என்று கூப்பிடுவேன்.

"நான்தான் ராத்தா. அந்தப் பக்கம் வந்திடுச்சா? யார் மேலயும் படலியே?"

"படல்ல. நல்ல இடத்துலதான் வந்தீக்கி. இன்னும் ரெண்டு அடிங்க, எங்கட மாப்புள்ளட தொப்பியையும் கோட்டையும் மாட்டிக்கொள்ளலாம்."

இன்னும் இரண்டு அடித்துக் கொடுத்தேன். அப்படித்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

எங்கள் வீட்டு ஆண்களோ நேர்மாறு. ராத்தாவின் கணவர், நான் நானா என்று கூப்பிடுபவர், மிளகு வாங்கி விற்பவர். பல்லேபொல, ரத்தோட்டைப் பக்கமெல்லாம் போய் வாங்கி வந்த மூட்டைகளை உள்ளே வைக்க இடமில்லாமல் விறாந்தையில் அடுக்குவார். அந்த இடத்தில்தான் என் கணவர் சைக்கிளை நிறுத்துவார். ஒருநாள் சைக்கிளை நகர்த்திவிட்டு மூட்டை வந்தது. மறுநாள் மூட்டையை நகர்த்திவிட்டு சைக்கிள் வந்தது. என் கணவருக்கு மிளகு வாசனை பட்டாலே தும்மல் வரும். அவர் தும்மும்போதெல்லாம், தன்னைக் குத்திக்காட்டத்தான் தும்முகிறார் என்று நானா நினைத்துக்கொண்டார். கடைசியில் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் கணவர் வீட்டுக்கார முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார், வந்து விறாந்தையைப் பிரித்துக் கொடுக்கும்படி. முதலாளி கண்டியில் இருந்தார். வருகிறேன் வருகிறேன் என்றாரே தவிர வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ராத்தாவுக்கு இரண்டு தேயிலைப் பெட்டிகள் கிடைத்தன. தோட்டங்களிலிருந்து தேயிலை ஏற்றி அனுப்பும், ஓரத்தில் தகரம் அடித்த பலகைப் பெட்டிகள். ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம் என்றார். அதை வைத்தால் எனக்கு நடக்க இடம் இருக்காது. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கறையான் அரித்து அதில் இரண்டு பலகைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"ராத்தா, சுவருக்கு உள்ளயே வச்சா என்ன?"

அந்தப் பக்கத்திலிருந்து பலகையைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது.

ஆண்கள் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பெட்டிகளின் அடிப்பலகையைத் தட்டிக் கழற்றினோம். சுவரில் திறந்த இடைவெளியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து உள்ளே தள்ளினோம். பாதி என் பக்கம், பாதி அவர் பக்கம். இரண்டு பக்கமும் திரைச்சீலை. நடுவில் டின்களை நெருக்கமாக அடுக்கிவிட்டதால், எந்தப் பக்கம் திறந்து பார்த்தாலும் பின்னால் சுவர் இருப்பது போலவே இருட்டாகத் தெரிந்தது. என் கணவர் பார்த்துவிட்டு, "பரவாயில்லயே, யோசன எல்லாம் வருது ஒனக்கு" என்று மெச்சினார். அந்தப் பக்கம் நானாவும் ராத்தாவை மெச்சினாராம்.

சாமான் வைக்கத்தான் அந்த அலுமாரியைச் செய்தோம். ஆனால் ஒரு வாரத்துக்குள் அதன் வழியாகச் சோறும் கறியும் போகத் தொடங்கிவிட்டது. ராத்தா மீன் ஆணம், அதாவது குழம்பு, வைத்தால் ஒரு கோப்பை என் பக்கம் வரும். நான் உளுந்து வடை சுட்டால் ஒரு தட்டு அந்தப் பக்கம் போகும். மாட்டிறைச்சி சமைக்கிற நாளில், "தங்கச்சி, இண்டைக்குத் தொறக்க வாணாம்" என்று ராத்தா முன்கூட்டியே சொல்லிவிடுவார். நோன்பு மாதத்தில் கஞ்சி வரும். என் கணவர் அதை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "நீ வச்ச கஞ்சியிலேயே இதுதான் நல்ல கஞ்சி" என்பார். நான் வைத்தது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வடை விஷயத்தில் ராத்தாவும் அதே கொள்கைதான்.

எல்லாம் சாரத்தில்தான் குழம்பியது. கிணற்றடியில் இருவரும் சேர்ந்து துவைத்து, ஒரே கொடியில் காயப்போட்டு, மடித்து அலுமாரியில் வைப்போம். ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட சாரங்கள் எல்லாம் ஒரே மாதிரி. எது எந்தப் பக்கம் போனது என்று நாங்கள் ரொம்பக் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணீருக்குச் சீனி எடுக்க என் கணவரே அலுமாரிக்குப் போனார்.

"இந்த டின் வரமாட்டேங்குது. எங்கயோ மாட்டிக்கிச்சி" என்றார்.

அதே நேரம் அந்தப் பக்கத்தில் நானாவின் குரல்: "என்ன புள்ள இது, சீனி டின் வருதில்ல!"

நான் தேங்காயைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் என் கணவர் பலமாக இழுத்தார். அந்தப் பக்கமும் பலமாக இழுத்தது. டின்களின் வரிசை சரிந்து கடகடவென்று விழுந்தது. தூசி அடங்கியபோது, ஒரு தேயிலைப் பெட்டிக்குள் இரண்டு முகங்கள் ஒரு முழ இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. சீனி டின்னை இருவரும் விடவில்லை.

"எங்க அலுமாரியில நீங்க என்ன செய்றீங்க?" என்றார் என் கணவர்.

"இது எங்கட அலுமாரி!" என்ற நானா, பார்வையைத் தாழ்த்தினார். "அது என்ட சாரம்!"

என் கணவர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நானாவைப் பார்த்தார். "அது என்னோட பெனியன்!"

ராத்தா அந்தப் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அதனால் இருவருக்கும் கோபம் இன்னும் கூடியது. அன்று மாலையே இரண்டு பக்கமும் சுத்தியல் சத்தம். என் கணவர் இந்தப் பக்கமிருந்து பெட்டிகளின் நடுவில் பலகை வைத்து அறைந்தார். நானா அந்தப் பக்கம் அறைந்தார். போட்டி போட்டு அறைந்ததில், ஒருவர் ஆணி இன்னொருவர் பலகையைத் துளைத்தது.

அன்றிலிருந்து நானும் ராத்தாவும் அவரவர் சமையலை மட்டும் பரிமாறினோம்.

நான் மீன் சமைப்பதில் கெட்டிக்காரி அல்ல. சில நாள் பொறுத்துப் பார்த்த என் கணவர், "அந்த மீன் கொழம்பு ஒண்ணு வைப்பியே, புளி கொஞ்சம் தூக்கலா, அது எங்க?" என்று கேட்டார்.

"அது அலுமாரியில இருந்து வர்றதுங்க. நீங்கதானே ஆணி அடிச்சீங்க?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப கஞ்சி?"

"அதுவும்தான்."

"சம்பல்?"

"சம்பல் என்னோடது."

"அதான் பார்த்தேன்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வார இறுதியில், அடுத்த பக்கத்தில் ஆணி பிடுங்கும் சத்தம் மெதுவாகக் கேட்டது. என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்தார். என்னைப் பாராமலே போய் ஒரு குறடு எடுத்து வந்து இந்தப் பக்கம் பிடுங்கத் தொடங்கினார். கடைசியில் நானாதான், "தம்பி, இது வளைஞ்சி போய்ட்டு. அங்கால ஈந்து தட்டுங்க" என்றார். என் கணவர் தட்டினார்.

அதன் பிறகு வேடிக்கை என்னவென்றால், விறாந்தையில் மட்டும் அவர்கள் பழையபடியே விறைப்பாக இருந்தார்கள். ஊர் பார்க்க இறங்கிப்போக இருவருக்கும் வெட்கம். அலுமாரிக்கு வந்ததும் ஆளுக்கொரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து மிளகு விலை, கந்தோர்க் கதை எல்லாம் பேசினார்கள். பத்திரிகையைப் பாதி பாதியாகக் கைமாற்றினார்கள். நாங்கள் ஒரு டின்னை எடுக்க வேண்டுமென்றால் அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் வீட்டுக்கார முதலாளி வந்து சேர்ந்தார். விறாந்தையைப் பிரித்துக் கொடுக்கத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு எங்கள் பக்கத்துக்குள் நுழைந்தார். சுவரை வெட்டியது தெரிந்தால் இரண்டு குடும்பத்தையும் வெளியேற்றிவிடுவார். என் கணவர் அலுமாரியை மறைத்துக்கொண்டு நின்று, வேண்டுமென்றே உரக்க, "வாங்க முதலாளி!" என்றார். அந்தப் பக்கம் நானா புரிந்துகொண்டு, ஒரு மிளகு மூட்டையைத் தூக்கி ஓட்டையை அடைத்து, அது விழாமல் தோளைக் கொடுத்து நின்றாராம்.

முதலாளி திரையை விலக்கினார். "சுவத்துல என்ன சாக்கு?"

"குளிர் காத்து வராம அடச்சிருக்கோம்" என்றார் என் கணவர். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது.

அது பரவாயில்லை. அடுத்த நிமிடம் சாக்கும் தும்மியது. தும்மிவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றது.

முதலாளி வெளியே போய், அடுத்த வாசல் வழியாக ராத்தா வீட்டுக்குள் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் சாக்கு விலகியது. அந்த இடத்தில் முதலாளியின் தலை தெரிந்தது. அவருக்காக நான் ஊற்றிய தேத்தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அலுமாரி வழியாகவே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அங்கேயே நின்று குடித்தார். பெட்டியின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். "மழைக்கு முந்தி இந்தச் சட்டத்துக்குக் கொஞ்சம் தார் பூசுங்க. கறையான் இதையும் தின்னுடும்."

விறாந்தையைப் பிரிக்க வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. இவர்களும் ஞாபகப்படுத்தவில்லை. தார் வாங்க இருவரும் ஒன்றாகவே கடைக்குப் புறப்பட்டார்கள், தெருவில் எல்லோரும் பார்க்கும்படி.