பம்பருக்கு அடியில் ஒரு பிளக்

தெலுங்கு பேசும் இந்த ஊரில் தமிழ் பேசுகிறார் என்பதற்காகவே கச்சிபௌலியிலிருந்து மறுகோடியில் இருக்கும் லாலாகுடா வரை போய், மெக்கானிக் செல்வம் அண்ணனிடம் வண்டி வேலை கொடுப்பவன் நான்.

போன மாதம் என் பிக்கப்பில் டிரெய்லர் விளக்குக்கான பிளக்கை நம்பர் பிளேட் பக்கத்தில் மாட்டச் சொன்னேன்.

"நக்கோ, வேண்டாம் தம்பி, அங்க ஓட்டை போட்டா துருப்பிடிக்கும். பம்பருக்கு அடியிலதான் சேஃப்."

இன்று டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும்போது, திருமுல்கேரியில் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் உரசி, பிளக் வயரோடு பிய்ந்துவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் கத்திய பிறகுதான், டிரெய்லரில் ஒரு விளக்கும் எரியவில்லை என்றே தெரிந்தது.

பிய்ந்த பிளக்கோடு நேராகக் கடைக்குப் போனேன். வாசலில் அண்ணனுடைய சொந்த பிக்கப் நின்றது. அதில் பிளக் நம்பர் பிளேட் பக்கத்தில், கச்சிதமாக.

"இது என்னண்ணா?"

"கீழ மாட்டினா அடிபடும்ல தம்பி."

அதையும் தமிழில்தான் சொன்னார்.

தமிழ் தெரியாத நல்ல மெக்கானிக் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.