கரி கலந்த தகடு

இடி அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில். அந்தப் பட்டப்பெயரை வைத்தது யாரென்று பட்டறையில் இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் வாயில் பல் இருக்காது. கட்டியவனையே உலை இடுக்கியால் அடித்துத் தோள்பட்டையை இறக்கியவள் அவள். அவனும் லேசுப்பட்ட ஆளில்லை, ஓடிப்போனது நல்லதுதான். ஆனால் அடித்துப் பழகிய கை அதோடு அடங்காமல், வளர்ந்துகொண்டிருந்த மகள்மேல் இறங்கியது. அதற்கு மட்டும் என்னால் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

தொழிலில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. துத்தநாகமும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும் பேட்டரிக்கு, காற்றை உள்ளே வாங்கும் தகடு செய்கிற பட்டறை அது. வினையூக்கிப் பசையை அங்கே எல்லோரும் மருந்து என்பார்கள். அதை நிக்கல் வலையில் பூசி உலையில் சுட்டு எடுப்பாள் அக்கா. மருந்தில் கரித்தூள் சேர்த்தால் தகடு ஆரம்பத்தில் வோல்ட்டை ஏற்றிப் பிய்த்து உதறும். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றினாலோ கரி அரித்துப்போகும், மருந்து உதிரும், உள்ளே இருக்கிற காரக்கரைசல் கசிய ஆரம்பிக்கும். அதனால் கரி என்ற பேச்சையே அவள் எடுக்க விடமாட்டாள். அவள் தகடு வருடக்கணக்கில் உழைக்கும் என்று பெயர் வாங்கியது அப்படித்தான்.

மருந்து குழைப்பதும் சுட்ட தகடுகளைச் சோதிப்பதும் மகளின் வேலை. இருபது வயது தாண்டியும், அம்மா தலை சொறியக் கையைத் தூக்கினால்கூடத் தோளைக் குறுக்கிக்கொள்வாள்.

அன்று மதியம் சோதனை அடுக்கில் இருந்த பேட்டரிகள் எல்லாமே கசிந்து நின்றன. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு ஒன்றைப் பிரித்தாள். விரலில் மைபோலக் கரி ஒட்டியது. அவளுக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது.

தன் அடிக்குப் பயந்த மகள் கரியைத் தொட்டிருக்கமாட்டாள் என்று நினைத்து, மேஸ்திரியைக் கூப்பிட்டாள். "மருந்து ரூம் சாவி உங்கிட்டதானே இருக்கு?"

"ஆமாக்கா. அதுக்காக நான்தான் கரி போட்டேன்னு ஆயிடுமா?"

பதிலுக்கு அவன் மூக்கில் குத்து விழுந்தது. ரத்தம் சட்டையில் வழிய, மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். சரிந்தவனை விலாவில் உதைத்தாள். "என் பேரைக் கெடுக்கவே பாத்தியா?" என்று சட்டையைப் பிடித்துத் தூக்கி அடுக்கின்மேல் மோதினாள். மறுபடி மோதினாள்.

"அம்மா, அவரை விடு. அவர் இல்லைம்மா," என்று மகள் நடுவில் பாய்ந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தாள். அடுக்கு சாய்ந்தது. மேல்தட்டில் இருந்த காரக்கரைசல் ஜாடி உருண்டு அவள் முகத்தில் கொட்டியது.

அவள் போட்ட அலறலில் பட்டறையே கதிகலங்கியது. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடினார்கள். அக்கா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, மகளைத் தலைமுடியோடு பிடித்துக் குழாயடிக்கு இழுத்தாள். காரம் பட்ட கண் தானாக இறுக மூடிக்கொள்ளும்; இமைக்குள் காரம் தங்கினால் கண் வெந்துவிடும். முழங்காலால் மகளைத் தொட்டியோடு அழுத்தி, இமைகளை விரலால் பிளந்து, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். மகள் திமிறினாள், நகத்தால் கீறினாள், மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வரவைத்தாள்.

"கண்ணைத் திறடி."

"விடும்மா. நான்தாம்மா கரி போட்டேன்."

அக்காவின் விரல் ஒரு கணம் நின்றது. ஆனால் இமையை விடவில்லை.

"மொதல்ல குழைச்சதுல வோல்ட்டே ஏறலை. காட்டினா நீ அடிப்பியோன்னு பயந்து கொஞ்சம் கலந்தேன். இப்பவும் அடிக்காதம்மா."

"அடிக்கலைடி. கண்ணைக் கழுவுறேன்."

மகள் நம்பவில்லை. இன்னும் பலமாகத் திமிறினாள். இமை நழுவி மூடியது. அக்கா மறுபடி பிளந்தாள். மேஸ்திரி மூக்கைப் பொத்தியபடி நொண்டி நொண்டி வந்து நின்றான். அவன் இருமல் மகளுக்குக் கேட்டது.

"மாமா, நீங்க பிடிங்க. அம்மா வேண்டாம்."

மேஸ்திரி அக்காவைப் பார்த்தான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த வெட்கத்தை அவள் வாழ்நாளில் பட்டதில்லை. ஆனாலும் அவன் கையைப் பிடித்து, தன் விரல் இருந்த இடத்தில் ஒவ்வொன்றாக அவன் விரலை வைத்தாள்.

"ரெண்டு இமையையும் விரிச்சுப் பிடி. தண்ணி உள்ள போகணும். ஆஸ்பத்திரி ஆளுங்க வர்ற வரைக்கும் விடாதே."

சொல்லிவிட்டு விலகிச் சுவரோரம் நின்றாள். அவன் பிடியில் மகள் திமிறவே இல்லை.