உலர் அறையில் ஏழு நாள்

இரண்டாவது தொகுதியின் முதல் பூட்ஸைச் செப்புத் தகட்டின் மேல் வைத்தேன். அதற்குள் சிறிய எஃகுக் குண்டுகளை நிரப்பி, ஒரு கம்பியைக் குண்டுகளுக்குள்ளும் இன்னொன்றைத் தகட்டிலும் இணைத்து, மின்சாரம் செலுத்தி ஒரு நிமிடம் காத்திருந்தேன். மின்தடை காட்டும் மீட்டரின் முள் வரம்பைத் தாண்டிப் போய் நின்றது. அடுத்ததை வைத்தேன். அதுவும் அப்படியே. ஆறையும் அளந்து முடித்தேன். ஆறில் நான்கு தோல்வி.

அப்போது தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்தன. செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த ஒரு காலணித் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை என்பதால் வீடு அங்கே. தினமும் காலை திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வருவேன். வழக்கமாக நாங்கள் கட்டுமான வேலைக்கான காலணிகளைத்தான் செய்வோம். அந்த வருடம் முதல் முறையாக, போர் விமானங்களில் பறப்பவர்களுக்கான பூட்ஸ் செய்யும் ஆர்டர் வந்திருந்தது.

பார்க்க அது சாதாரணக் கறுப்பு பூட்ஸ்தான். ஆனால் அதற்கான சோதனைகள் ஒரு தடித்த கோப்பு நிறைய இருந்தன. ஆபத்தில் விமானத்திலிருந்து வெளியே வீசப்படும்போது காலை விட்டுக் கழன்றுவிடக் கூடாது. அடிப்பாகத்திலிருந்து ஒரு துணுக்குகூட உதிரக் கூடாது, உதிர்ந்தால் எஞ்சின் அதை உறிஞ்சிவிடும். எரிபொருளில் ஊறினாலும் ஒட்டு விடக் கூடாது. இவற்றில் என்னை எப்போதும் பயமுறுத்தியது மின்தடைச் சோதனை. நடக்கும்போது உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பூட்ஸ் வழியாக மெல்லத் தரையில் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் நின்றால், எரிபொருள் ஆவி இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும்.

ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் சோதனைக்கு முன் பூட்ஸை ஏழு நாள் உலர்ந்த காற்றில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கடற்கரைப் பக்கத்துக் காற்றில் எந்த பூட்ஸும் தேறிவிடும். பறப்பவர் இங்கேயே நிற்கப்போவதில்லை. பனி உறையும் வறண்ட மலைத்தளத்திலும் அதே பூட்ஸோடு இறங்குவார். இதற்காகவே கூடத்தின் ஓரத்தில் உலர் அறை ஒன்று இருந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் அங்கே இரவும் பகலும் ஓடும்.

முதல் தொகுதியை எட்டு நாட்களுக்கு முன்தான் சோதித்திருந்தேன். ஆறும் தேறின. சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தொகுதி முழுவதும் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, நாடா ஒட்டி, கிடங்கில் அடுக்கப்பட்டிருந்தது. மறு வாரம் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அரசாங்க ஆய்வாளர் வந்து முத்திரை வைத்ததும் லாரி கிளம்பும்.

இரண்டு தொகுதிக்கும் தோல் ஒன்று, அடிப்பாகம் ஒன்று, பாதத்துக்கு அடியில் வரும் உள்ளட்டையும் ஒன்று. ஒன்று தேறி இன்னொன்று தோற்க வழியில்லை. மீட்டரைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி அளந்தேன். அதே முடிவு. பிறகு உலர் அறையின் ஈரப்பதிவுத் தாள்களை எடுத்தேன். அங்கே ஒரு உருளையில் தாள் சுற்றியிருக்கும். அதன் மேல் பேனா முள் ஒன்று காற்றின் ஈரத்தை வாரம் முழுவதும் கோடாக வரைந்துகொண்டே போகும். திங்கட்கிழமைதோறும் தாளை மாற்றி, தேதி எழுதி, துளையிட்டுக் கோப்பில் சேர்ப்பது என் வழக்கம். ஒன்றுகூட விட்டதில்லை.

இரண்டாவது தொகுதி உள்ளே இருந்த வாரத் தாளில் கோடு நேராக ஓடியிருந்தது. அதற்கு முந்தைய வாரங்களின் தாள்களில், தினமும் காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு, ரம்பப் பல் மாதிரி ஒரு சிறிய ஏற்றம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இல்லை. அத்தனை தாளையும் கையால் தொட்டுக் கோப்பில் போட்டவள் நான். கதவு திறப்பதால் வருவது என்று நினைத்து விட்டிருந்தேன்.

எட்டு மணிக்கு முன்பு அங்கே நுழைகிறவர் ஒருவர்தான், துப்புரவு வேலை செய்யும் அம்மா. மகளுக்குப் பிரசவம் என்று அந்த வாரம் முழுவதும் அவர் விடுப்பில் இருந்தார், இன்னும் திரும்பவில்லை. அவர் இல்லாததால் உலர் அறையை யாரும் துடைக்கவில்லை.

டைரியைப் புரட்டினேன். ஆறு வாரம் முன்பு எழுதியிருந்தேன்: "உலர் அறையில் தூசி. தினமும் காலையில் ஈரத் துணியால் தரையைத் துடைக்கச் சொன்னேன்." காலையில் துடைக்காத இடத்தில் வேலை தொடங்குவது எனக்குப் பிடிக்காது. வீட்டில் வாசல் தெளிக்காமல் அடுப்பு மூட்டமாட்டேன். அதே பழக்கத்தில், ஈரமே இருக்கக் கூடாத அறையில் தினமும் ஒரு வாளித் தண்ணீரை இறக்கச் சொல்லியிருந்தேன். கோடு வரையும் பதிவுக் கருவி மேல் தட்டில், இயந்திரத்தின் உலர்ந்த காற்று வரும் இடத்தில் இருந்தது. பூட்ஸ்கள் கீழ்த்தட்டில், தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தன. தரையிலிருந்து எழுந்த ஈரத்தை உள்ளட்டைகள் வாரம் முழுவதும் குடித்திருக்கும். அதனால்தான் ஆறும் தேறின.

மேலாளரிடம் போனேன். திருநெல்வேலிக்காரர், சத்தம் போடாமல் பேசுவார்.

"ரெண்டாவது லாட்டுல ஏதோ கோளாறு. அதைப் பாருங்க மேடம். மொதல் லாட்டு பாஸாயிட்டு, பேக்காயிட்டு. அதை ஏன் கெளறுதீய?"

"ரெண்டாவதுதான் சார் சரியான சோதனை. மொதலாவது, தினம் தரையைத் துடைச்ச ஈரத்துல பாஸானது."

"சந்தேகந்தானே?"

"சந்தேகம்தான். அதான் அதுலேருந்து ஆறு பூட்ஸ் எடுத்து மறுபடி ஏழு நாள் வைக்கணும்ங்கிறேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாளும் போய்க் கேட்டேன். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு என் மேசைக்கு வந்து, "எடுத்துக்கிடுங்க. ஆனா இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள முடியணும்" என்றார்.

கிடங்குப் பொறுப்பாளர் நாடாவை வெட்டும்போதே ஆரம்பித்துவிட்டார். "இன்னா மேடம், நீங்களே ஒட்டுன்னீங்க, இப்ப நீங்களே பிரின்றீங்க. கண்ணாலம் முடிஞ்ச பொறவு பொண்ணு பார்க்க வந்துகினு கீறீங்களா?"

"ஆறு பூட்ஸ் போதும். வேற வேற பெட்டிலேருந்து எடுங்க."

"ஆறுன்னு சொல்லுவீங்க, அப்பால அறுநூறுன்னுவீங்க. எனக்கு இந்த பேஜாருலாம் வோணாம்."

பத்து மணிக்கு ஆறையும் கீழ்த்தட்டில் வைத்தேன். பதிவுக் கருவியை மேலிருந்து இறக்கி அவற்றின் பக்கத்திலேயே வைத்தேன். புதுத் தாள் மாட்டி, அதில் விதி அனுமதிக்கும் எல்லையைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டேன். கதவைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில் ஊக்கு போட்டுக் கோத்துக்கொண்டேன். மறு வியாழன் பத்து மணிக்கு ஏழு நாள் முடியும். ஆய்வாளர் வர ஒரு மணி நேரம் மிச்சம். நடுவில் ஈரம் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் லாரி போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. மின்மாற்றி பழுதுபார்ப்புக்காகக் காலை பத்து முதல் இரண்டு வரை மின்சாரம் இருக்காது என்று சனிக்கிழமை மாலைதான் தெரிந்தது. ஜெனரேட்டர் இணைப்பு உலர் அறைக்கு இல்லை. ஞாயிறு முதல் பேருந்தைப் பிடித்து வந்தேன். பெட்டி ஒட்டும் பழுப்பு நாடாவால் கதவின் இடுக்குகள் அனைத்தையும் ஒட்டினேன். கதவில் உள்ளங்கை அளவுக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் வழியே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினோரு மணிக்குப் பேனா முள் ஏறத் தொடங்கியது. பன்னிரண்டுக்குச் சிவப்புக் கோட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் அகலம். ஒன்றேகாலுக்கு அரை விரல். திறந்து பார்க்கவும் முடியாது, திறந்தால் வெளிக்காற்று நுழைந்துவிடும். கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தைத் தொடவில்லை. இரண்டு மணி தாண்டியும் மின்சாரம் வரவில்லை. இரண்டு இருபதுக்கு இயந்திரம் ஒருமுறை உறுமி ஓடத் தொடங்கியபோது, முள்ளுக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது. அது இறங்கத் தொடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை துப்புரவு அம்மா விடுப்பு முடிந்து வந்தார். கையில் ஜாங்கிரிப் பொட்டலம்.

"பேரன் பொறந்துகீறாம்மா. அவங்க அப்பன் மாரியே மூக்கு." பொட்டலத்தை நீட்டியவர் உலர் அறைக் கதவைப் பார்த்தார். "இன்னாம்மா இது, பூட்டு தொங்குது? நான் இல்லாதப்ப இன்னா காணாப் பூட்ச்சி?"

"ஒண்ணும் காணாப் போகல. அந்த ரூமை இனிமே துடைக்க வேணாம்மா. தண்ணி ஈரம் பூட்ஸுக்குப் போய் டெஸ்ட்டே தப்பாயிடுச்சு."

அவர் முகம் மாறியது. "நீதானேமா சொன்ன, தரை கண்ணாடி மாரி இருக்கணும்னு? நான் என் வூட்டக் கூட தினம் தொடைக்கமாட்டேன். உனுக்காவ குனிஞ்சி குனிஞ்சி தொடச்சேன். இப்ப என் தலைல வெக்கறாங்களா?"

"இல்லம்மா. நான்தான் சொன்னேன்."

"அத அவருகிட்ட சொல்லு. பெரிய சாரு என்னிய வரச் சொல்லிகீறாரு."

நான் அவருக்கு முன்பே மேலாளர் அறைக்குப் போனேன்.

"ஒரே ஒரு வரிதான் மேடம்" என்றார் அவர். "துப்புரவுப் பணியாளர் கவனக்குறைவா துடைச்சிட்டாங்கன்னு ரிப்போர்ட்டுல எழுதிருங்க. பொறவு இன்ஸ்பெக்டர் கேட்டாலும் அங்கேயே முடிஞ்சிரும்."

"நான் சொல்லித்தான் சார் துடைச்சாங்க."

"நீங்க சொன்னதுக்கு எழுத்து இருக்கா?"

"என் டைரியில இருக்கு."

"டைரியை யாரு கேக்கப் போறா" என்றார். "வியாழக்கிழமை ஆறும் பாஸானா ரிப்போர்ட்டே தேவையில்ல. அதுக்கு வேண்டிக்கிடுங்க."

உண்மையில் வேண்டிக்கொண்டேன். திருக்கழுக்குன்றத்தில் பேருந்து நின்றபோதெல்லாம் மலைக்கோயிலைப் பார்த்து, ஆறும் தேறிவிட வேண்டும் என்றே கேட்டேன். தேறினால் என் கையெழுத்து பொய்யாகாது.

வியாழக்கிழமை ஆய்வாளர் பத்துக்கே வந்துவிட்டார். விமானப்படையில் தரைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசை நரைத்திருந்தது. மேலாளர் அவரைத் தேநீருக்கு அழைத்துப் போகப் பார்த்தார். அவரோ, "சோதனை நடக்குதா? பார்க்கிறேன்" என்று கூடத்துக்குள்ளேயே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பத்து மணிக்குப் பூட்டைத் திறந்தேன். முதல் பூட்ஸ். ஒரு நிமிடம். முள் வரம்புக்குள் நின்றது. இரண்டாவதும் உள்ளே. மூன்றாவது, நான்காவது, உள்ளே. மேலாளர் மூச்சு விடுவது கேட்டது. ஐந்தாவதில் முள் மேல் வரம்பை ஒட்டி நின்று, பிறகு மெல்ல அதைத் தாண்டியது. கம்பிகளைக் கழற்றி மறுபடி இணைத்தேன். மறுபடியும் தாண்டியது. ஆறாவது வெகு தூரம் வெளியே போய் நின்றது.

ஒரு பூட்ஸ் தோற்றாலே அந்தத் தொகுதி போகக் கூடாது என்பது விதி. ஆய்வாளர் மேசையிலிருந்த முதல் சான்றிதழை எடுத்துப் பார்த்தார்.

"இதுல ஆறும் பாஸ்னு இருக்கே. யார் கையெழுத்து?"

"என்னுது சார்."

"எப்படி?"

சொன்னேன். தூசி, வாளி, மேல் தட்டிலிருந்த கருவி, நான் பார்க்காமல் கோப்பில் போட்ட தாள்கள். அவர் தாள்களைக் கேட்டார், கொடுத்தேன். ரம்பப் பற்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"துடைக்கச் சொன்னது யாரு?"

மேலாளர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, "நான்தான் சார், தேதியோட எழுதி வெச்சிருக்கேன்" என்றேன்.

அவர் டைரியைக் கேட்கவில்லை. பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "இந்த சர்ட்டிபிகேட்டை நீங்களே கேன்சல் பண்ணுங்க. காரணத்தையும் உங்க கையாலேயே எழுதுங்க. உள்ளட்டையை மாத்தி, புதுசா ஏழு நாள் வெச்சுக் காட்டுங்க. அதுவரைக்கும் ஒரு ஜோடிகூட வெளிய போகக் கூடாது." மேலாளர் பக்கம் திரும்பி, "அடுத்த லாட்டுக்கு இவங்க கையெழுத்தோட இன்னொருத்தர் கையெழுத்தும் வேணும்" என்றார்.

குறுக்கே கோடிட்டு எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்குக் கிடங்குக்குப் போனேன். லாரி பின்பக்கம் திறந்து நின்றது. கிடங்குப் பொறுப்பாளர் முதல் வரிசைப் பெட்டிகளை ஏற்றத் தயாராக நகர்த்தி வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எத்தினி மேடம்? ஆறா?"

"எல்லாம்."

"அல்லாமுமா?"

"ஆமா. லாரியைத் திருப்பி அனுப்பிடுங்க."

அவர் டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு குனிந்து முதல் பெட்டியின் நாடாவை அறுத்தார்.